ஜன்னலுக்கு விடைகொடுக்கும் நாசூக்கு

போர்லாண்ட் 1995இல் வெளியிட்ட டெல்ஃபி என்ற நிரலாக்கக் கருவியில், ஒரு துணை ஜன்னலை மூடினால் அது திரையிலிருந்துதான் மறையும்; நினைவகத்தில் அப்படியே குந்தியிருக்கும். விடுவிக்கச் சொல்ல வேண்டியது நிரலர்தான்.

அப்படி விடுவிக்கும் கட்டளைகளில் எனக்குப் பிடித்தது ‘ரிலீஸ்’. இன்னொரு கட்டளையான ‘ஃப்ரீ’ ஜன்னலை உடனே அழித்துவிடும். பொத்தானை அழுத்தியதால் ஓடும் நிரல் முடியும் முன்பே பொத்தானும் ஜன்னலும் காணாமல் போனால், செயலி தடுமாறி விழக்கூடும். ‘ரிலீஸ்’ பதறாது. செய்தி வரிசையில் ஒரு குறிப்பைப் போட்டுவிட்டு, நடக்கிற வேலை முடிந்தபிறகே ஜன்னலை அழிக்கும். பந்தியில் சாப்பிடுகிறவர் எழும் முன் இலையை எடுக்காத பக்குவம் அது!

ஆனால் ஜன்னலைச் சுட்டிய மாறியை அது காலியாக்காது. அந்த வேலை நம்முடையது.