ஆரணியும் ஆர்னியும்

ஹிஜ்ரி 615ஆம் ஆண்டில் (கி.பி. 1218) குராசானின் மர்வு நகரத்து அறிஞர் அவையொன்றில் ஒரு சிறு வாக்குவாதம் நிகழ்ந்தது. ஹதீஸில் வரும் பண்டைய அரபுச் சந்தையொன்றின் பெயரை எவ்வாறு படிப்பது என்பதே கேள்வி. அவையில் இருந்த யாகூத் அல்ஹமவீ அதனை 'ஹுபாஷா' என்றார். மற்றொருவர் 'ஹபாஷா' என்று அடித்துக் கூறினார். முதலெழுத்தின் மேல் நிற்கும் ஓர் உயிர்க்குறிதான் வேறுபாடு. தம் கூற்றை நிறுவ நூல்களைப் புரட்டிப் பார்த்த யாகூத்துக்கு உரிய ஆதாரம் கிட்டவில்லை. இத்தகைய பெயர்களைத் திருத்தமாகத் தரும் நூல் ஒன்று இல்லையே என்ற அக்குறைதான் 'முஃஜமுல் புல்தான்' என்னும் ஊர்ப்பெயர்ப் பேரகராதியை எழுதத் தம்மைத் தூண்டியது என அதன் முன்னுரையில் அவரே எழுதியுள்ளார்.

அந்நூலில் ஓர் ஊரின் வரலாற்றுக்கும் அங்கே பிறந்த அறிஞர் பட்டியலுக்கும் முன்பாக அப்பெயரை ஒலிக்கும் முறை வருகிறது. 'முதலெழுத்துக்கு ஃபத்ஹு, இரண்டாவதற்கு சுகூன்' என்று எழுத்தெழுத்தாகச் சொற்களாலேயே விளக்கப்படுகிறது. குறிகளை மட்டும் இட்டால் படியெடுப்போர் கையில் அவை பிறழக்கூடும். சொற்கள் அத்துணை எளிதில் பிறழா. இம்முறையை நம் முன்னோர் 'ளப்த்' என்றனர். அறிஞர்களின் நிஸ்பாக்களைத் தொகுத்த ஸம்ஆனீயும் இம்முறையைக் கையாண்டார். உலகைச் சுற்றிய இப்னு பதூதாவும் தாம் கண்ட ஊர்கள் பலவற்றின் பெயரை இவ்வாறே விளக்கிச் சென்றார். மர்வின் நூலகங்களை வாயாரப் புகழ்ந்த யாகூத் மங்கோலியர் படையெடுப்புக்கு அஞ்சி அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. 1221இல் அந்நகரம் அழிந்தது.

இம்மரபை உரைகல்லாகக் கொண்டு நமக்கு அருகிலுள்ள ஓர் ஊரின் பெயரையும், ஊர்ப்பெயர்களைத் திருத்தத் தமிழக அரசு மேற்கொண்ட ஒரு முயற்சியையும் நோக்குவது இக்கட்டுரையின் கருத்தாகும்.

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, பட்டு நெசவுக்கும் அரிசி ஆலைகளுக்கும் பெயர்பெற்ற ஊர். தமிழில் அதன் பெயரை எழுதுவதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆங்கில எழுத்துகளில் வரும்போதுதான் ஊர் இரண்டாகிவிடுகிறது. 1751இல் கிளைவும், 1782இல் ஹைதர் அலியை எதிர்த்து வந்த ஐயர் கூட்டும் போரிட்ட இடமாக இவ்வூர் ஆங்கிலேயரின் வரலாற்றேடுகளில் இடம்பெற்றது. அவ்வேடுகளில் அது 'ஆர்னீ'. ஊருக்கு வெளியே களம்பூரில் உள்ள இரயில் நிலையம் 'ஆர்னி ரோடு' ஆயிற்று. தொகுதி மறுவரையறைக்குப் பின் 2009இல் முதன்முதலாகத் தேர்தலைச் சந்தித்த மக்களவைத் தொகுதியின் பெயரிலோ நடு அகரம் திரும்பி வந்தது. புவிசார் குறியீடு பெற்ற பட்டின் பெயரும் அவ்வாறே பதிவாகியுள்ளது. ஆயினும் கடைப் பலகைகளிலும் விற்பனைச் சீட்டுகளிலும் இரு வடிவங்களையும் இன்றும் காண்கிறோம். பதிவுபெற்ற பெயர் ஒன்று, புழங்கும் பெயர் மற்றொன்று என்று இருந்தால், அப்பதிவால் தறிக்காரருக்கு விளையவேண்டிய பயன் எவ்வளவு என்று கேட்கத் தோன்றுகிறது.

இது வெறும் புலவர் வழக்கு அன்று. நமக்கு நெருங்கிய முதியவர் ஒருவரின் சான்றிதழ் ஒன்றில் பிறந்த ஊர் அகரத்தோடும், மற்றொன்றில் அகரமின்றியும் இருந்தது. அலுவலகம் ஒன்று இரண்டும் ஒரே ஊர்தான் என்பதற்குச் சான்று கேட்டு விண்ணப்பத்தைத் திருப்பியது. சான்று கிடைத்தபோது அவ்வாண்டின் ஹஜ்ஜுப் பயணத்துக்கான காலம் கடந்துவிட்டிருந்தது. மறு ஆண்டு அவர் சென்று வந்தார், அல்ஹம்துலில்லாஹ். எனினும், தம் பிறந்த ஊரின் பெயரைத் தாம் சரியாகவே சொன்னதற்கு ஓராண்டு காத்திருக்க நேர்ந்ததை எண்ணி அவர் நகைப்பது உண்டு.

பிழையின் தன்மை யாது? முதலாவதாக, 'ஆர்னி' என்னும் வடிவம் ரகரத்தின் மேலுள்ள அகரத்தை விழுங்கிவிடுகிறது. முதலசையை அழுத்திச் சொல்லும் ஆங்கில நாவுக்கு அடுத்து வரும் குற்றுயிர் தேய்வது இயல்பு. பேருந்து நடத்துநர் விரைந்து கூவும்போது நம்மவர் வாயிலும் அது தேயவே செய்கிறது, இதனை மறுப்பதற்கில்லை. ஆனால் நடத்துநரிடம் டண்ணகரம் பிழைத்திருக்கும். 'ஆர்னி'யில் அதுவும் போய்விட்டது. இரண்டாவதாக, அகரத்தை மீட்டுத் தந்த வடிவமும் குறையற்றது அன்று. அதில் முதல் உயிர் நெடிலா குறிலா என்பது தெரியாது. 'அரணி' என்றும் படிக்கலாம். அது தீக்கடைகோலின் பெயர். 'ஆரனி' என்றும் படிக்கலாம். அதற்குப் பொருளே இல்லை. கல்பு என்பதில் காஃபை மாற்றினால் இதயம் நாயாகிவிடும் என்று மத்ரஸாவில் முதலாண்டு மாணவருக்கும் உஸ்தாது எச்சரிப்பார். எழுத்தின் மக்ரஜைக் குறித்து அத்துணை கவலை கொள்ளும் சமுதாயத்தினர் நாம்.

ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்திலும் தமிழொலிப்படி எழுதவேண்டும் என்று தமிழக அரசு 2020இல் ஓர் ஆணை பிறப்பித்தது. ஏப்ரல் மாதத் தேதியிட்ட அவ்வாணை ஜூன் மாதத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. 1018 ஊர்களின் பெயர்கள் அப்பட்டியலில் இருந்தன. சில நாள்களிலேயே எழுந்த ஏளனமும் எதிர்ப்பும் காரணமாக அது திரும்பப் பெறப்பட்டது. பட்டியலை ஒரு பனுவலாகக் கொண்டு படித்தால், அதன் நோக்கத்தைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. எழும்பூரை 'எக்மோர்' என்று எழுதவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை என்று அரசே ஒப்புக்கொண்டது நல்ல செய்தி. 1996இல் 'மெட்ராஸ்' சென்னையானபோதும் ஏளனம் செய்தோர் இருந்தனர். இன்று அப்பெயர் எவர் நாவையும் உறுத்துவதில்லை.

குறை செயல்முறையில் இருந்தது. வேலூரை எடுத்துக்கொள்வோம். பழைய ஆங்கில வடிவில் லகரம் இரட்டித்து, 'வெல்லோர்' என்று படிக்க இடமிருந்தது. பட்டியல் அதனைத் திருத்த முற்பட்டு, ஏகாரத்தைக் குறிக்க 'ஈ' என்னும் ஆங்கில எழுத்தை இரட்டித்தது. குறிலுக்கு ஓரெழுத்து, நெடிலுக்கு அதுவே இருமுறை என்பது தமிழ் இலக்கணம் அறிந்தவருக்கு நேரிய முறைதான். ஆனால் ஆங்கிலம் படித்தவர் கண் அவ்விரட்டையை 'ஈ' என்றே படிக்கும். விளைவு 'வீலூர்'! தமிழறிந்தவருக்கு இப்பலகை தேவையில்லை. தேவையுள்ள வெளியூராரோ அதைப் பார்த்துப் புதியதொரு பிழையைக் கற்றுக்கொள்வார். கோயம்புத்தூருக்கும் தூத்துக்குடிக்கும் எழுத்துகளை அடுக்கிப் பெயரை நீட்டியது அடுத்த குறை. இத்தனை நீட்டியும் ணகரத்துக்கும் னகரத்துக்கும், ரகரத்துக்கும் றகரத்துக்கும், லகரத்துக்கும் ளகரத்துக்கும் வேறுபாடு காட்ட அப்பட்டியலால் இயலவில்லை. அம்முறைப்படி ஆரணிக்கு முதலில் ஏ என்னும் ஆங்கில எழுத்து இரண்டு கிடைத்திருக்கும், டண்ணகரம் கிடைத்திராது. யாகூத் செய்ததுபோல், எந்த எழுத்தை எவ்வாறு ஒலிப்பது என்னும் விளக்கம் பொதுமக்கள் கையில் முதலில் சேர்ந்திருக்கவேண்டும்.

அரசைக் குறைகூறுவதோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. வட ஆற்காட்டுப் பகுதி முஸ்லிம்களில் உர்தூ பேசுவோர் கணிசமானவர். ஆரணியை உர்தூவில் எழுதும்போது அலிஃபு மத்து, ரே, நூன், யே என்னும் நான்கெழுத்தில் முடிந்துவிடும். குற்றுயிர்க் குறிகளை இடுவது அங்கே வழக்கமில்லை, ணகரமோ இல்லை. படிப்பவர் 'ஆர்னீ' என்றே படிப்பார். கிளைவின் எழுத்தர் வந்து சேர்ந்த இடத்துக்கே நாமும் வேறு வழியாக வந்து சேர்கிறோம்! நாளிதழ்கள் 'மெக்கா' என்று அச்சிடும்போது நாம் மனம் வருந்தி, 'மக்கா' என்று திருத்தி மடல் எழுதுகிறோம். சவூதி அரசும் ஆங்கிலத்தில் அவ்வாறே எழுதவேண்டும் என 1980களில் முறைப்படுத்தியது. அந்த வருத்தத்தில் ஒரு பங்கையேனும் ஆரணிக்கும் ஒதுக்கலாம்.

அரபு நாவுக்கு ஏற்பத் தமிழூர்ப் பெயரை மாற்றிய வழக்கம் பழையது. காயல்பட்டினத்து ஆலிம்கள் தம்மை 'அல்காஹிரீ' என்று குறித்துக்கொண்டனர். 17ஆம் நூற்றாண்டின் பெரும்புலமையாளர் ஸதகத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களின் நிஸ்பாவும் அதுவே. கெய்ரோ நகரத்தாருக்கும் நிஸ்பா அதுதான். நூற்பட்டியலில் இப்பெயரைக் காணும் அயல்நாட்டு ஆய்வாளர், தாமிரபரணிக் கரையின் அறிஞரை நைல் நதிக் கரைக்குக் கொண்டுபோய்விட வாய்ப்புண்டு. இப்னு பதூதா மதுரையை 'முத்ரா' என்றார். அவர் 'ஹர்காத்து' என்று குறித்த கோட்டையை ஆற்காடு என அடையாளம் காண்போரும் உளர். ஆற்காட்டின் பெயரில் நம்மவர்க்குள்ளேயே வழக்கு ஓயவில்லை. 'ஆறு காடுகள்' என்று பொருள் கூறுவோர், எண்ணுப்பெயர் அங்கே அறுபடை, அறுசுவை என்பனபோல 'அறு' எனக் குறுகவேண்டும் என்பதை மறக்கின்றனர். சங்கப் பாடல்களில் வருவது 'ஆர்க்காடு'. ஆர் என்பது ஆத்தி மரம். அவ்வூரும் இவ்வூரும் ஒன்றேயா என்பது வேறு வினா. ஆரணியை 'ஆறு அணி செய்யும் ஊர்' என்று விளக்குவோரும் அவ்வாறே வல்லின றகரம் எங்கே போயிற்று என்பதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்.

இத்தனைக்கும் நடுவே நம் முன்னோர் செய்த ஓர் அருஞ்செயல் உண்டு. அதை அவர்தம் வழியினர் மறந்துவிட்டதே நம் வருத்தம். அரபுத்தமிழைக் குறிப்பிடுகிறோம். தமிழை அரபு வரிவடிவில் எழுதப் புகுந்த அவர்கள், அரபியில் இல்லாத தமிழொலிகளை அருகிலுள்ள எழுத்தில் தள்ளிவிடவில்லை. இருந்த எழுத்துக்குப் புள்ளி கூட்டிப் புதிய எழுத்து ஆக்கினர். தாலின் கீழே ஒரு புள்ளி இட்டு டகரம் செய்தனர். நூனின் மேலுள்ள புள்ளியை அப்படியே விட்டு, கீழேயும் ஒரு புள்ளி இட்டு ணகரம் செய்தனர். குற்றுயிர்களுக்கு ஹரகத்துகளை முறையாக இட்டனர். மறுதிசையிலும் அதே கவனம் இருந்தது: ளாது என்னும் அரபு எழுத்துக்குத் தமிழில் ளகரத்தைத் தேர்ந்து 'ரமளான்' என்று எழுதியவர்கள் அவர்கள். உர்தூவும் அரபுத்தமிழும் ஒரே வரிவடிவத்தின் கிளைகள்தாம். ஒன்றில் 'ஆர்னீ' ஆகும் ஊர், மற்றொன்றில் உயிரும் மெய்யும் குறையாமல் 'ஆரணி'யாகவே நிற்கும். ஆகவே குறை வரிவடிவத்தில் இல்லை. ஒரு புள்ளிக்கு மைசெலவிட எழுதுவோர் விரும்புவதும் விரும்பாததுமே வேறுபாடு.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைத் திறப்போர் ஒன்றைக் கவனிக்கலாம். அதில் ஒவ்வொரு தமிழ்ச்சொல்லும் ஆங்கில எழுத்திலும் தரப்பட்டிருக்கிறது. நெடிலுக்கு மேலே ஒரு கோடு. ணகரத்துக்கு ஆங்கில 'என்' எழுத்தின் கீழே ஒரு புள்ளி. நூனின் கீழே கீழக்கரையிலும் காயலிலும் இட்ட அதே புள்ளி! இருசாராரும் ஒருவரையொருவர் பார்த்து எழுதினர் என்று நாம் கூறவரவில்லை. ஒலியைக் காக்க எண்ணிய இருவர் தனித்தனியே ஒரே தீர்வை அடைந்தனர் என்றே கொள்கிறோம். 2020இன் பட்டியலை வகுத்தோர் எழுத்துகளை இரட்டிப்பதை விட்டு, இந்தக் கோட்டையும் புள்ளியையும் கைக்கொண்டிருக்கலாம். ஆவணங்களில் அவற்றைத் தட்டச்சிட இயலாது என்பர். பலகையிலும் வரைபடத்திலும் பாடநூலிலும் இட எவரும் தடையில்லை. ஆவணத்துக்கு ஒரே எளிய வடிவத்தை வரையறுத்து, பழைய வடிவமும் அதே ஊரைக் குறிக்கும் என்று ஒரு வரி சேர்த்திருந்தால், நாம் மேலே சொன்ன முதியவர் ஓராண்டு காத்திருந்திருக்க மாட்டார். நம் பள்ளிவாசல், மத்ரஸா பலகைகளில் அந்தப் புள்ளியை இடுவதற்கோ எந்த அரசாணையும் வேண்டியதில்லை.

ஒரே பெயருடைய வெவ்வேறு ஊர்களுக்கென யாகூத் தனியாகவே ஒரு நூல் இயற்றினார். அவர் மரபில் ஆரணிக்கு ஒரு பதிவு எழுதினால் ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

ஆரணி: முதலெழுத்து நெடில் ஆகாரம், இரண்டாவது இடையின ரகரம், அதற்கு அகரம் உண்டு, சுகூன் இல்லை, மூன்றாவது டண்ணகரம், அதற்கு இகரக் குறில். திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் பட்டு நெய்யும் ஊர். இப்பெயரில் மற்றோர் ஊர் திருவள்ளூர் மாவட்டத்தில் உண்டு. மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் உள்ளது ஆர்ணி. அதில் ரகரத்துக்கு அகரம் இல்லை, அது வேறு.