நடிப்புப் பயிற்சியும் நிறவெறியும்

தென்னாப்பிரிக்க நாடகாசிரியர் அதோல் ஃபுகார்டு எழுதி 1982இல் அரங்கேறிய நாடகம் 'மாஸ்டர் ஹெரால்டும் பையன்களும்'. 1950இல் போர்ட் எலிசபெத் நகரத்துத் தேநீர்க்கடை ஒன்றில் கதை நிகழ்கிறது. 'பையன்கள்' எனப்படுவோர் நடுவயதினர். கறுப்பு வேலைக்காரர் என்பதால் பையன்கள்! அவருள் ஒருவரான சாம், ஹாலி என்னும் வெள்ளைச் சிறுவனுக்குத் தந்தைபோல் இருந்தவர். அவர் முகத்தில் அவன் காறி உமிழ்கிறான். இது வெறுங் கற்பனையன்று. இளமையில் தாமே செய்த செயல் என ஃபுகார்டு ஒப்புக்கொண்டவர்.

படிப்பதற்கு எளிது, பயிற்சிக் கூடத்தில்தான் இடர் எழுகிறது. சொந்த வாழ்வில் பட்டதை நினைந்து நடிக்க வேண்டும் என்பது பல பள்ளிகளின் பாடம். ரஷ்யாவில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி கண்ட உணர்ச்சி நினைவு என்னும் முறையை அமெரிக்காவில் லீ ஸ்ட்ராஸ்பெர்க் தம் போதனையின் நடுவே வைத்தார். பாடம் இருவர்க்கும் பொதுவெனத் தோன்றும். ஆயின் சுமை ஒன்றன்று. உமிழும் மாணவன் கற்பனையை நாடுகிறான். உமிழப்படும் கறுப்பு மாணவனோ தெருவில் பட்ட மெய்யான புண்ணை ஆசிரியர் முன் கிளற வேண்டியவனாகிறான். சாம் வேடத்தை முதலில் ஏற்ற ஸேக்ஸ் மொகாய், 1961இல் 'இரத்த முடிச்சு' நாடகத்தில் ஃபுகார்டுக்கு உடன்பிறந்தவராக நடித்தவர். அந்நாடகத்தோடு ஊர் ஊராகச் சென்றபோது ஃபுகார்டு இரயிலில் முதல் வகுப்பில் சென்றார். மொகாய் மூன்றாம் வகுப்பில்.

ஸ்டெல்லா ஆட்லர் 1934இல் பாரிசில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியிடம் பயின்று திரும்பி, பாத்திரத்தின் சூழ்நிலையும் கற்பனையுமே முதன்மை என்று வாதிட்டார். இவ்வழக்கில் நியாயம் அவர் பக்கமே. சாமுக்கு வேண்டியவை நாடகத்திலேயே உள. சிறுவனுக்குப் பட்டம் செய்து கொடுத்த சாம், பூங்கா இருக்கையில் அவனோடு அமரவில்லை. அது வெள்ளையர்க்கு மட்டுமே உரியது. அவ்விருக்கையை மனக்கண்ணில் காணும் நடிகன் தன் அவமானத்தை விரித்துக் காட்ட வேண்டுவதில்லை.

ஹாலியாக நடிப்பவன் செய்யும் பிழை வேறு. தான் நல்லவன் என்று அவையோர் அறியவேண்டுமே என அஞ்சி, ஹாலியை அரக்கனாக்கிவிடுகிறான். அல்லது உமிழும் முன்பே வருந்தத் தொடங்குகிறான். ஹாலியோ சாமை நேசிப்பவன். ஊனமுற்ற, குடிகாரத் தந்தை வீடு திரும்பும் வெட்கம் அவனைக் குடைகிறது; அவரிடம் காட்டவொண்ணாச் சினம் சாம்மேல் பாய்கிறது. முதலில் தந்தையின் நிறவெறி வேடிக்கையைச் சொல்லிச் சிரிக்கிறான். எள்ளலை நகையின் நிலைக்களன்களுள் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தது ஈண்டு நினைக்கத்தக்கது. அச்சிரிப்பு இயல்பாக வாராவிடின் பின்வரும் உமிழ்தலும் பொய்யே.

இழிசொல்லை நீக்கிவிடலாம் என்பாருமுளர். நீக்கினால் நாடகம் இல்லை. வாட்போர்க் காட்சியை எவரும் மெய்ச்சினத்தால் பயிற்றுவதில்லை. அடியளந்து, இருவர் உடன்பாட்டோடு, மெல்லத் தொடங்கி விரைவு கூட்டுவர். இதற்கும் அதுவே முறை. எங்கே நிற்பது, எந்நொடியில் உமிழ்வது, யார் துடைப்பது என்பன முன்னரே முடிவாக வேண்டும். நிறுத்தச் சொல்லும் உரிமை முதலில் சாமாக நடிப்பவனுக்கே இருத்தல் வேண்டும்.