சுட்டது யார், எப்போது?

ஆஸ்திரேலியாவின் பெரிய சூப்பர்மார்க்கெட் நிறுவனங்களில் ஒன்று கோல்ஸ். அதன் கடைகளில் கடையின் சொந்த லேபிளோடு பிரெட் விற்ற இடத்தில் ஒரு வாசகம் இருந்தது: 'இன்று சுட்டது, இன்று விற்பது'. சில பாக்கெட்டுகளில் 'கடையிலேயே புதிதாகச் சுட்டது' என்றும் இருந்தது. கடைக்குள் ஓவன் இருந்தது, வாசனை வந்தது, கையில் எடுத்தால் சூடும் இருந்தது. ஆனால் அந்த பிரெட்டில் ஒரு பகுதி வேறெங்கோ பாதி வெந்து, உறையவைக்கப்பட்டு, கடைக்கு வந்து மறுபடி ஓவனுக்குள் போனது. சில வகைகள் அயர்லாந்து, டென்மார்க், ஜெர்மனி என்று கடல் தாண்டி வந்தவை.

ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் 2013இல் வழக்குப் போட்டது. 2014 ஜூனில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த வாசகங்கள் மக்களைத் தவறாக வழிநடத்துபவை என்று தீர்ப்பளித்தது. 2015இல் 25 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம்.

எனக்கு இது வணிக வழக்காகத் தெரியவில்லை. 'சுட்டது' என்ற ஒற்றை வினைச்சொல்லை ஒரு நீதிமன்றம் உட்கார்ந்து வாசித்த கதையாகத்தான் தெரிகிறது. நமக்குப் பழக்கமான கேள்விதான். மரத்தின் மேல் மாட்டுக்காரப் பையனாக இருந்த முருகன் ஔவையிடம் கேட்டதும் இதைத்தானே: சுட்டதா, சுடாததா? மண் ஒட்டிய பழத்தை ஔவை ஊதியதும், சூடாக இருக்கிறதா என்று பையன் சிரித்தான். சூப்பர்மார்க்கெட்டில் நாம் நிற்பதும் ஔவையின் இடத்தில்தான். கையில் சூடு படுகிறது. அதனால் இன்று சுட்டது என்று நம்புகிறோம். இரண்டுக்கும் நடுவில் இருப்பதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: அரைவேக்காடு.

அந்தச் சொல்லை வசையாகச் சொல்லவில்லை. அரைவேக்காட்டு பிரெட் ஒரு நல்ல தொழில்நுட்பம். உள்ளே பஞ்சு போன்ற பகுதி நிலைபெறும்வரை சுட்டு, மேல்தோல் நிறம் ஏறுவதற்கு முன் எடுத்து, உறையவைப்பார்கள். கடையில் சில நிமிடங்கள் ஓவனில் வைத்தால் தோல் மொறுமொறுப்பாகிவிடும். சாப்பிட நன்றாகவே இருக்கும். தலைமை நீதிபதி ஜேம்ஸ் ஆல்சாப்பும் இதைக் குற்றம் என்று சொல்லவில்லை. இந்த பிரெட்டை எப்படி விற்க வேண்டும் என்று கற்றுத்தருவது நீதிமன்றத்தின் வேலை இல்லை, ஆனால் இன்று நடந்தது எங்கோ எப்போதோ தொடங்கிய வேலையின் முடிவு என்பது வாங்குபவருக்கு ஓரளவாவது தெரிய வேண்டும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். பிரச்சினை பிரெட்டில் இல்லை, இறந்தகாலத்தில் இருக்கிறது.

*

பிரெட் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். எடை வரிசைப்படி எல்லாம் இருக்கும். எடையே இல்லாத ஒரு பொருள் மட்டும் இருக்காது: நேரம். இட்லி மாவு அரைத்த எந்த வீட்டுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. மாவு புளிக்கிற அந்த ராத்திரிதான் சுவையைச் செய்கிறது.

இங்கிலாந்தில் சோர்லிவுட் என்ற ஊரில் இருந்த பேக்கரி ஆராய்ச்சி நிலையம் 1961இல் அந்த ராத்திரியை நீக்கும் வழியைக் கண்டுபிடித்தது. மாவை அதிவேக இயந்திரத்தில் சில நிமிடங்கள் அடித்து, கொஞ்சம் கொழுப்பும் அஸ்கார்பிக் அமிலமும் சேர்த்தால், மணிக்கணக்கில் புளிக்க வைக்கத் தேவையில்லை. மாவாக உள்ளே போனது சுமார் மூன்றரை மணி நேரத்தில் வெட்டிக் கட்டிய பிரெட்டாக வெளியே வந்துவிடும். இங்கிலாந்தில் விளையும் புரதம் குறைந்த கோதுமையையும் இதில் அதிகம் பயன்படுத்தலாம். அந்த நாட்டு பிரெட்டில் பெரும்பகுதி இப்படித்தான் ஆனது.

பின்னால் வந்த 'ஆர்ட்டிசன்' பிரெட் அலை இதற்கான பதில். இழந்த நேரத்தைத் திரும்பக் கொண்டுவருவதாக அது வாக்குக் கொடுத்தது. 1989இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நான்சி சில்வர்டன் தொடங்கிய லா ப்ரியா பேக்கரி அதற்குப் பேர்போன உதாரணம். புளித்த மாவில் செய்யும் சவர்டோ பிரெட்; மெதுவான வேலை. கேட்பவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். கடைசியில் லா ப்ரியாவும் அரைவேக்காட்டில் உறையவைத்து நாடு முழுக்க அனுப்பத் தொடங்கியது. 2001இல் அயர்லாந்தைச் சேர்ந்த ஒரு நிறுவனம் அதை வாங்கியது. பிரெட் அதே பெயரில் தொடர்ந்து விற்றது. பெயர் இருக்கிறது, ஆள் இல்லை.

கடையின் சொந்த லேபிளில் நடப்பது இதற்கு நேரெதிர். அங்கே ஆள் இருக்கிறார், பெயர் இல்லை.

*

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு உணவு லேபிள் சட்டம், யார் பெயரில் பொருள் விற்கப்படுகிறதோ அவருடைய பெயரையும் முகவரியையும் கேட்கிறது. செய்தவர் வேறு ஆளாக இருந்தால் அவர் பெயரை அது கேட்பதில்லை. ஆஸ்திரேலிய விதியும் பொருளை வழங்குபவரின் பெயரோடு நின்றுவிடுகிறது. ஆக, ஒரு நல்ல பேக்கரி ராத்திரி முழுக்க விழித்திருந்து செய்த சவர்டோ, காலையில் சூப்பர்மார்க்கெட்டின் பிள்ளையாக அலமாரியில் உட்கார்ந்திருக்கலாம். சட்டப்படி எந்தத் தவறும் இல்லை.

பேக்கரிக்காரருக்கு இது ஏன் கசப்பதில்லை என்பதும் எனக்குப் புரிகிறது. ஓவன் வாங்கிய கடன் மாசாமாசம் வரும். தெருமுனைக் கடையில் மழை பெய்தால் வியாபாரம் விழும். சூப்பர்மார்க்கெட்டின் ஆர்டர் மழைக்கு விழாது. நானும் பெயரில்லாத வேலை பார்ப்பவன்தான். சென்னையில் உட்கார்ந்து நாங்கள் எழுதிய ஒரு முழு செயலி, வெளிநாட்டு கம்பெனி ஒன்றின் லோகோவோடு ஓடியது. 'ஒயிட் லேபிள்' என்று அதற்குப் பேர். சம்பளம் சரியாக வந்தது, யாரும் அழவில்லை. பெயர் போடாததே அநியாயம் என்று சொன்னால் எங்கள் தொழிலில் பாதி அநியாயம் ஆகிவிடும்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்த கம்பெனி தன் செயலியில் 'தேர்ந்த கைவினைஞர் ஒருவர் பொறுமையாக எழுதியது' என்று போட்டுக்கொள்ளவில்லை. சூப்பர்மார்க்கெட் போடுகிறது. 'ஆர்ட்டிசன்' என்பது சுவையைப் பற்றிய சொல் இல்லை. ஒரு மனிதரைப் பற்றியும் அவர் செலவழித்த நேரத்தைப் பற்றியும் சொல்லும் சொல். அந்த மனிதரின் பெயரை எடுத்துவிட்டு, நேரத்தையும் சொல்லாமல், சொல்லை மட்டும் வைத்துக்கொண்டால் அது எதைச் சுட்டுகிறது? எங்கள் மொழியில் சொன்னால், இது நல் பாயிண்டர். முகவரி இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

இந்தச் சொற்களுக்கு எல்லை போட முடியாது என்பதும் சரியில்லை. பிரான்ஸ் 1993இல் 'பிரெஞ்சு மரபு பிரெட்' என்ற பெயரை உறையவைத்த மாவுக்கு மறுத்தது. 1998இல், மாவு பிசைவதிலிருந்து சுடுவதுவரை விற்கும் இடத்திலேயே செய்பவர்தான் கடைக்கு 'பூலாஞ்சரி' என்று பலகை மாட்டலாம் என்று சட்டம் வந்தது. அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் 'ஆர்ட்டிசன்' என்ற சொல்லுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது: தேர்ந்த கைவினைஞர்கள் குறைந்த அளவில் செய்திருக்க வேண்டும், முழுக்க இயந்திரமயமாக இருக்கக்கூடாது, ஒரே இடத்தில் இயங்கும் மிகச் சிறிய நிறுவனமாக இருக்க வேண்டும். கோல்ஸுக்கு அபராதம் விழுந்த அதே ஆண்டு, அந்த பிரெட்டில் கொஞ்சம் கப்பலேறிய அதே நாடு.

*

'நல்லா இருந்தா சாப்பிட வேண்டியதுதானே, பேர் எதுக்கு?' என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கடையின் லேபிளில் நல்ல பிரெட் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்பதும் உண்மை. ஐம்பது பேர் வரிசையில் நிற்கும் பேக்கரிக்குப் போக எல்லோருக்கும் காசும் இல்லை, ஞாயிற்றுக்கிழமைக் காலையும் இல்லை.

என் பதில் இது. மென்பொருளில் வெளியே தெரியும் முகப்பை அப்படியே வைத்துவிட்டு, உள்ளே வேலை செய்யும் பகுதியை மொத்தமாக மாற்றிவிடலாம். பயன்படுத்துபவருக்குத் தெரியவே தெரியாது. சொந்த லேபிள் சூப்பர்மார்க்கெட்டுக்குக் கொடுக்கும் உண்மையான வசதி இதுதான். அடுத்த மாதம் இன்னொரு பேக்கரி பத்து பைசா குறைத்துக் கேட்டால், பை அதே பை, எழுத்து அதே எழுத்து. உள்ளே வேறு ஆளின் கை. முதல் பேக்கரி அத்தனை வருடம் சம்பாதித்த ருசியின் நல்ல பெயர் கடையிடமே தங்கிவிடும். பேரம் பேச அவரிடம் எதுவும் மிஞ்சாது. 'என் பிரெட்டைக் கேட்டு ஜனங்கள் வருவார்கள்' என்று அவர் சொல்ல முடியாது. அது அவருடைய பிரெட் என்று எந்த ஜனத்துக்குத் தெரியும்?

வாங்குபவருக்கும் இழப்புதான். இந்த வாரம் ருசி மாறியிருந்தால் பேக்கரி மாறியதா, என் நாக்கு மாறியதா என்று கண்டுபிடிக்க வழியில்லை. போன வாரத்து பிரெட் பிடித்திருந்தாலும் அந்தக் கையைத் தேடிப் போக முடியாது. ஒரு கதை பிடித்தால் அதே எழுத்தாளரின் அடுத்த கதையைத் தேடுகிறோமே, அந்த வழி இங்கே அடைபட்டுவிடுகிறது. பெயர் இல்லாத இடத்தில் விமர்சனம் சாத்தியமில்லை. புகார் மட்டும்தான் சாத்தியம். பிரெட்டை கவுன்டரில் திருப்பிக் கொடுக்கலாம், காசு வாங்கலாம். 'உங்கள் போன மாத பிரெட் இதைவிட நன்றாக இருந்தது' என்று சொல்ல எதிரில் ஆள் வேண்டுமே.

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களை இங்கே நினைத்துக்கொள்கிறேன். ஒரு பாட்டின் ஆசிரியர் பெயர் தொலைந்துபோயிருந்தால் அந்த இடத்தைச் சும்மா விடாமல், பாட்டுக்குள்ளிருந்தே ஒரு தொடரை எடுத்து அதையே பெயராக வைத்தார்கள். செம்புலப்பெயல்நீரார் அப்படி வந்த பெயர். பெயர் தெரியாதபோதும் செய்த ஒரு ஆள் இருந்தார் என்பதை அவர்கள் பதிவு செய்தார்கள். பெயர் நன்றாகத் தெரிந்தும் எடுத்துவிடுவது சூப்பர்மார்க்கெட் தொகுப்பு முறை.

வேறு வழி இருக்கிறது என்பதற்கும் கோல்ஸ்தான் உதாரணம். மெல்பர்னின் லாரன்ட் பேக்கரியோடு சேர்ந்து 'கோல்ஸ் ஃபைனஸ்ட் பை லாரன்ட்' என்று அது பிரெட் விற்றது. கடையின் லேபிள்தான், ஆனால் செய்தவரின் பெயரும் முகப்பிலேயே இருக்கிறது. இதில் லாரன்டின் பெயரை வைத்துக் கடை சம்பாதிக்கிறது என்று சொல்லலாம், சம்பாதிக்கட்டும். பெயர் வெளியே வந்துவிட்டால் அதற்குப் பிறகு ருசி கெட்டால் அவமானம் இருவருக்கும். சத்தமில்லாமல் ஆளை மாற்றவும் முடியாது. அந்தச் சின்ன 'பை' என்ற சொல் ஒரு ஒப்பந்தத்தைப் பொதுவில் கொண்டுவந்து வைக்கிறது.

இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கிறது. யார் என்பது வந்தாயிற்று, எப்போது என்பது வரவில்லை. எப்போது வரை சாப்பிடலாம் என்று பையில் தேதி இருக்கிறது. மாவு எத்தனை மணி நேரம் புளித்தது, முதல்முறை எந்த நாளில் ஓவனுக்குள் போனது என்பது இல்லை. அச்சடிக்க ஆகும் மை கொஞ்சம்தான். 'ஆர்ட்டிசன்' என்று எழுத ஆகும் மையைவிட ரொம்ப அதிகம் ஆகாது. இந்த இரண்டு வரியையும் போட மனசில்லாத கடை அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வெறும் 'பிரெட்' என்று விற்கலாம். அதையும் நாம் வாங்கத்தான் போகிறோம்.