கரகமும் தன்னிலையும்: ஆனேக்கல் திகளர் வழக்கை முன்வைத்து

பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்பகுதியில், ஓசூரை அடுத்து அமைந்த ஊர் ஆனேக்கல். பெங்களூருத் திகளர்பேட்டையிற் போலவே இங்கும் தர்மராய சுவாமி கோயிலைச் சார்ந்து கரக விழா நிகழ்கிறது. இவ்விழாவிற்கு உரியோர் திகளர். ‘திகளர்’ என்பது கன்னடர் தமிழரைச் சுட்ட வழங்கிய சொல்லாகும். அவர்களோ தம்மை வன்னிகுல சத்திரியர் என்பர். வீட்டில் கன்னடமும் தெலுங்கும் விரவிய தமிழ். எழுத்திலும் பொதுவெளியிலும் கன்னடம்.

மீட் என்பாரின் சொற்பொழிவுகள் 1934இல் நூலாக வெளிவந்தன. பிறர் நோக்கை உள்வாங்கிய ‘என்னை’, அதற்கு மறுமொழி தரும் ‘நான்’ எனத் தன்னிலையை அவர் இருகூறாகக் காண்பார். பிறர் இட்ட பெயர், தாம் கொண்ட பெயர் என்னும் திகளரின் இருமைக்கு இப்பகுப்பு நன்கு பொருந்துகிறது. எனினும் கரக வழக்கு பெயரோடு நிற்பதன்று, உடலால் கற்கப்படுவது.

சிமிருதி சீனிவாசின் ஆய்வு (2001) பெங்களூருக் கரகத்தை விரிவாக ஆராய்ந்தது. வீரகுமாரரின் உடற்பயிற்சிக் கூடங்கள்வரை அவர் சென்றமை பாராட்டத்தக்கது. ஆயினும் அவர் தேடியது நகரத்தின் நினைவையே. வாளேந்திய தந்தையின் அருகே சிறுவாளுடன் நடக்கும் சிறுவன் எப்போது, எவ்வாறு வீரகுமாரனாகிறான் என்ற வினா தனியே ஆராயத்தக்கது. திரௌபதி வழிபாடு பற்றிய ஹில்டபைட்டலின் பெருநூல்களும் (1988, 1991) செஞ்சி வட்டாரத்தை மையமாகக் கொண்டவை.

சமூக வாழ்வை அரங்காகக் கண்ட காஃப்மனின் கொள்கை இங்கே இடறுகிறது. அரங்கிற்குப் பின்னே வேடங்களையும் இடம் உண்டு என்பது அவர் கருத்து. கரகம் எடுப்பவரோ புடவையும் வளையலும் தாலியும் அணிந்து திரௌபதியாகவே நடக்கிறார். கரகம் சரியின் அவரைச் சூழ்ந்த வீரகுமாரரின் வாள்களே அவர்மேல் பாயும் என்பது மரபு. அவர்கள் பார்வையாளர் அல்லர், அவ்வேற்பில் பங்குடையோர். இதனை வேடம் என்றழைப்பது பொருத்தமன்று.

உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்னும் தொல்காப்பியம். பெருமிதத்தின் நிலைக்களன்களுள் அது கல்வியை முதற்கண் வைப்பது இவ்விடத்துக் கருதத்தக்கது. ஆனால் கரகத்தில் திசை மாறுகிறது: காப்பு, நோன்பு, நடை, வாள் என உடல் முன்னே பயில, பெருமிதம் பின்னே வந்து சேர்கிறது. மெய்ப்பாட்டியல் பற்றிய தமிழாய்வு இத்திசையை இன்னும் போதிய அளவு எண்ணவில்லை.

எஞ்சுவது ஒன்று. விழா நாட்களில் கரகம் எடுப்பவரின் மனைவி தம் தாலியைக் கழற்றித் தருவார் என்பது பெங்களூரு வழக்கு. கணவர் தேவியாகும் பொருட்டு அவர் மனைவி என்னும் நிலையையே துறக்கிறார். அவர் இதை எவரிடம் கற்றார், விழா முடிந்து தாலி மீண்டபின் அவருள் எது மாறியிருக்கும் என்பன கேட்கப்படவேண்டிய வினாக்கள்.