வாலில் இரண்டு ஐ

கோல் போட வழி செய்து கொடுத்தால் கொண்டாடுகிறார்கள். நீலக்கோட்டில் பக்கைப் பறிகொடுத்தால் மட்டும் முதுகைக் காட்டிக் கேலி: "பெயரையே ஒழுங்காக எழுதத் தெரியாத ஆள்." அந்த இளம் ரஷ்யத் தடுப்பாட்டக்காரரைத்தான் சொல்கிறேன். பெயர், அணி எதுவும் வேண்டாம். ஐஸ் ஹாக்கி பார்ப்பவர்களுக்கு முதுகே போதும். 'ஸ்கி' என்று முடியும் குடும்பப் பெயர். மற்றவர்கள் கடைசியில் ஒரு ஒய்யைப் போட்டு முடித்துக்கொள்ள, இவர் ஜெர்சியில் மட்டும் இரண்டு ஐ வரிசையாக நிற்கிறது. அச்சுப்பிழை என்கிறார் ஒருவர். பாஸ்போர்ட் ஆபீஸ் குமாஸ்தாவின் தூக்கக் கலக்கம் என்கிறார் இன்னொருவர். இரண்டும் இல்லை. பனித்தரைக்கு வெளியே இந்த சீசனில் யாரும் எடுத்த ஆகச் சரியான முடிவு அதுதான் என்பது என் கட்சி.

ரஷ்ய எழுத்தில் அந்த வால் உண்மையிலேயே இரண்டு எழுத்து. ஒரு 'இ', அதை அடுத்து தலையில் பிறை வைத்த இன்னொரு 'இ'. பாஸ்போர்ட்டை இயந்திரம் படிப்பதற்காகச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வைத்திருக்கும் அட்டவணையில் இரண்டுக்கும் ஐதான். ரஷ்யா 2010-களில் அந்த அட்டவணைக்கு மாறியது. சோவியத் பாஸ்போர்ட்டில் நடந்தது பிரெஞ்சு ராஜ்ஜியம். செர்கேய் என்ற பெயரில் ஜி-க்குப் பின்னால் காரணமில்லாமல் ஒரு யு ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவில் கொஞ்ச காலம் ஆங்கில வழி. 1989-ல் சோவியத் ஆட்டக்காரர்கள் அனுமதியோடு வட அமெரிக்காவுக்கு ஆட வந்தபோது பாஸ்போர்ட்டில் ஓர் எழுத்து, பத்திரிகையில் ஓர் எழுத்து என்று கலந்து கட்டிதான் ஆரம்பித்தது. யெவ்கேனி என்ற ஒரே பெயர் ஒருவருக்கு ஐயில், இன்னொருவருக்கு ஒய்யில், மூன்றாமவருக்கு இரட்டை ஐயில் முடிவதை ஒரே லீகில் பார்க்கலாம். ஆள் எந்தக் காலத்துப் பாஸ்போர்ட்டோடு விமானம் ஏறினார் என்பதை வாலைப் பார்த்தே ஓரளவு ஊகித்துவிடலாம்.

இவர் மாற்றிக்கொண்டிருக்க முடியாதா? முடியும். முன்பு ஆவணத்தில் இருந்த எழுத்தே வேண்டுமென்றால் ஆதாரத்தோடு மனுப்போட ரஷ்யாவில் வழி உண்டு. ஜெர்சிக்கு அவ்வளவு பாடுகூடத் தேவையில்லை. ஏஜென்ட் யாராக இருந்தாலும் "ஒய் போடு தம்பி, கண்ணுக்கு லட்சணமாக இருக்கும்" என்றுதான் காதில் ஓதியிருப்பார். கேட்கவில்லை. விசாவில், ஒப்பந்தத்தில், ஆட்டப் புள்ளிவிவரத்தில், முதுகில் எல்லாம் ஒரே எழுத்து. ஜூனியர் காலத்தில் ஒய்யோடும் பிறகு ஐயோடும் ஆடிய ஒருவரைக் கணினியில் தேடிப் பாருங்கள். அரை ஆள் இங்கே, அரை ஆள் அங்கே கிடப்பார். இயந்திரத்துக்கு அது இரண்டு பேர். இந்த வம்பே வேண்டாம் என்று வாசலிலேயே அடைத்துவிட்டார் நம் ஆள். அவர் ஆட்டமும் அப்படித்தான். எதிராளி வந்த பிறகு விழுந்து தடுக்க மாட்டார். வரும் வழியில் முன்னாலேயே போய் ஸ்டிக்கை வைத்துவிடுவார். சோம்பேறி என்று அதற்கும் திட்டு.

எழுத்தைப் பிடித்துத் தொங்கும் இதே கூட்டம் உச்சரிப்பில் நடக்கும் அட்டூழியத்தைக் கண்டுகொள்வதில்லை. ரஷ்யப் பெயரில் அழுத்தம் எந்த அசையில் விழும் என்று எந்த ஆங்கில எழுத்துக்கூட்டலும் சொல்லாது. அழுத்தம் விழாத 'ஒ' பெரும்பாலும் 'அ' ஆகிவிடும். கடைசி 'வ்' 'ஃப்' ஆகும். வர்ணனையாளர்கள் அச்சில் இருப்பதை அப்படியே வாசிக்கிறார்கள். 'யோ' எழுத்தின் கதை இன்னும் மோசம். தலையில் இரண்டு புள்ளி வைத்த எழுத்து அது. ரஷ்யர்களே அச்சில் புள்ளியை விட்டுவிடுகிறார்கள். பாஸ்போர்ட் அட்டவணையும் ரஷ்யர்களுக்கு வெறும் ஆங்கில ஈ போட்டு முடித்துவிடுகிறது. அதே எழுத்து பெலாரஸ் பாஸ்போர்ட்டில் ஐ-ஓ என்று பிழைத்துக்கொள்கிறது. கார்பச்சோஃப் உலகத்துக்கெல்லாம் கோர்பசேவ் ஆனது இந்தப் புள்ளி போனதால்தான். குருஷ்சேவ் பெயரின் நடுவில் இருக்கும் ஒற்றை ரஷ்ய எழுத்துக்கு ஆங்கிலத்தில் நான்கு எழுத்து, ஜெர்மனில் ஏழு. (தமிழில் மட்டும் என்ன வாழ்கிறது? தாஸ்தயேவ்ஸ்கி, தஸ்தயெவ்ஸ்கி, தாஸ்தாவெஸ்கி எல்லோரும் ஒரே அலமாரியில்தான் இருக்கிறார்கள்.)

முதுகில் பெயர் போடுவதே பழைய வழக்கமில்லை. வட அமெரிக்காவின் பெரிய லீகில் 1977-78 சீசனில்தான் அது கட்டாயமானது. பெயர் தெரிந்துவிட்டால் ஆட்டப் புத்தகம் விற்காது என்று பயந்த ஓர் அணி முதலாளி, நீலச் சட்டையில் நீல எழுத்தையே தைத்துக் கொடுத்தார். விதி மீறாத மீறல். அந்த ஆளை எனக்குப் பிடிக்கும்.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். பத்து வருடத்தில் புதிதாக வரும் ரஷ்யர்களிடம் ஒய் அரிதாகிவிடும். ஐ-ஏ, ஐ-யு, இரட்டை ஐ இவைதான் முதுகெல்லாம். பழைய ரசிகர்கள் கொஞ்ச நாள் முணுமுணுப்பார்கள். கடைசி 'ஃப்' மட்டும் எந்த ஜெர்சியிலும் ஏறாது. அந்தச் சண்டை தோற்றது தோற்றதுதான். ஆனால் 'யோ'வை அட்டவணையை மீறித் துணிந்து தைத்துக்கொண்டு ஒருவர் வருவார். அவர் கோல்கீப்பராகத்தான் இருப்பார், பிடிவாதத்துக்கு அந்த இனத்தை மிஞ்ச ஆளில்லை. நம் தடுப்பாட்டக்காரர் இரண்டு சீசனுக்குள் முதல் பவர் பிளே வரிசையில் நிற்பார். கேலி செய்தவர்களே கடை வாசலில் அவர் ஜெர்சிக்குக் காத்திருப்பார்கள். சந்தையில் ஒய் போட்ட போலியும் வரும். மலிவு என்று அதைத்தான் முதலில் வாங்குவார்கள்.