அத்திவாரக் குழியும் வரலாறும்: திரியாய் குறித்து ஒரு நோக்கு

திருகோணமலைக்கு வடக்கே, கடலோரமாக அமைந்த திரியாயின் குன்றில், கற்றூண்கள் வட்டமாகச் சூழ்ந்த பௌத்த தூபி ஒன்றுண்டு. அதனையடுத்த பாறையிற் பொறிக்கப்பட்ட சாசனம் கி.பி. 7ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் மொழி சமஸ்கிருதம். எழுத்து பல்லவர் காலக் கிரந்தத்தை ஒத்தது. கூறும் பொருள் வணிகக் குழுவினரின் பௌத்த வழிபாடு. கடல்வணிகர் கூடிய ஊரொன்றின் வரலாறு குன்றோடு முடிந்திருக்க இயலாது. அவர்தம் இருப்பிடமும் பண்டசாலையும் மட்கலமும் சுற்றியுள்ள வயலிலும் வளவிலுமே தேடப்படவேண்டியன. ஆதலின் அங்கு வெட்டப்படும் ஒவ்வோர் அத்திவாரமும் ஆய்வாளனுக்குரிய வாய்ப்பேயாகும்.

இது வெறுங்கற்பனையன்று. 1950இல் திருகோணமலை நகரிற் கிணறு தோண்டியபோது சோழர்காலச் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவை 1963இற் குடமுழுக்குக் கண்ட கோணேசர் ஆலயத்தைச் சென்றடைந்தன. தற்செயலாக மண்வெட்டியிற் படும் பொருள் கைக்கு வரும். அது கிடந்த மண்ணடுக்கோ அக்கணமே சிதைந்துவிடும். எவ்வாழத்தில், எப்பொருள்களோடு அது கிடந்தது என்பதே காலத்தை உணர்த்தும் சான்று. இங்கிலாந்தின் பழைய சந்தை நகரான யோர்க்கில், கடைத்தொகுதி எழுவதற்கு முன் 1976 தொடக்கம் 1981 வரை அகழ்ந்து, வைக்கிங்கு கால வீடுகளையும் பட்டறைகளையும் பதிவு செய்தனர். பின்னர் கடைத்தொகுதியும் எழுந்தது. கட்டடமும் ஆய்வும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு இஃதொரு சான்று.

நம் நாட்டிலும் சட்டக்குறை பெரிதன்று. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1998இல் திருத்தப்பட்டு, அபிவிருத்தித் திட்டங்களுக்கு முன்னர் தொல்பொருட் தாக்க மதிப்பீட்டை வேண்டிநின்றது. குறை நடைமுறையிலும் நோக்கிலுமே உள்ளது. 1985இன் வன்செயலில் வீடிழந்து இடம்பெயர்ந்த ஊர் திரியாய். அவ்வூரவரின் வயல்நிலங்கள் மீது பின்னர் தொல்லியலின் பெயராற் பிணக்குகள் எழுந்தன. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென அமைக்கப்பட்ட சனாதிபதி செயலணியில், தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிம்களோ ஒருவரேனும் இடம்பெற்றிலர். இந்நிலையில் எல்லைக்கல்லைக் காணும் உழவன் அதனைத் தன் காணிக்கு வந்த ஆபத்தாகவே கொள்வான். ஓட்டுத்துண்டொன்று கிடைப்பின், அறிவிப்பதினும் மறைப்பதே நலமென எண்ணுவான். அச்சத்தால் மறைக்கப்படும் சான்று, எச்சமயத்தாருடையதாயினும், வரலாற்றுக்கு இழப்பேயாம்.

கண்காணிப்பு எனப்படுவது காணியைக் கைப்பற்றுதலின் வேறானது. குழி வெட்டும் சில நாள்கள் பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருத்தல், அடுக்குகளை அளந்து வரைதல், கண்டவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் அறிக்கையாக்கி ஊரவர் கையிற் கொடுத்தல், பின்னர் வேலையைத் தொடரவிடுதல் ஆகியனவே அதன் கடமைகள். வேலையை நிறுத்தவேண்டி நேரின், காரணமும் கால எல்லையும் எழுத்தில் தரப்படுதல் வேண்டும். இழப்பீடும் வழங்கப்படல் வேண்டும்.

பௌத்தச் சின்னம் என்றவுடன் நம்மவருட் சிலர் முகந்திருப்பிக் கொள்வதும் இவ்வாய்வுக்கு உதவாது. கிரந்த எழுத்தைக் கற்ற தமிழ் மாணவன் திரியாய்ச் சாசனத்தை உரிமையோடு வாசிக்கலாம். சிங்கள, தமிழ், முஸ்லிம் மாணவர் ஒரே குழியினருகே நின்று பதிவுசெய்யும் பணியைப் பல்கலைக்கழகங்களே தொடங்கிவைத்தல் தகும். அத்தகைய பதிவின்மீது ஊரவர் நம்பிக்கை கொண்டாலன்றித் திரியாயின் வயலடி வரலாறு வெளிப்படுதல் அரிது.