சாவி யார் கையில் இருந்தது

2016இல் ஆரிகன் மாநிலத்தின் மல்யூர் வனவிலங்குக் காப்பகத்தைத் துப்பாக்கிகளோடு கைப்பற்றிய குழுவைப் பற்றி எஃப்.பி.ஐ.க்குத் தகவல் தந்தவர்கள் 15 பேர் என்பது வழக்கு நடந்தபோது வெளிவந்தது. இப்படி ஒன்று வெளிவரும்போதெல்லாம் ஒரு வாதம் தெம்பு பெறுகிறது: ஆயுதம் ஏந்திய இயக்கத்துக்குச் சந்தேகமே கவசம், கூட இருப்பவனையும் துருவிப் பார். சந்தேகத்துக்கு ஆதாரம் உண்டு என்பதில் எனக்கு மறுப்பில்லை. 1956 முதல் 1971 வரை ‘கோயின்டெல்புரோ’ என்ற பெயரில் எஃப்.பி.ஐ. நடத்திய ரகசியச் சீர்குலைப்பு வேலைகளை அமெரிக்க செனட்டின் சர்ச் குழுவே அம்பலப்படுத்தியது. அச்சம் நியாயமானதுதான். அதைக் காட்டி உளவாளி வேட்டையையும் நியாயப்படுத்துவதைத்தான் ஏற்க முடியவில்லை.

அந்த வேட்டையை இயக்கங்கள் யாரிடம் ஒப்படைத்தன என்று பாருங்கள். சிகாகோவில் 1969 டிசம்பர் 4 விடியலில் போலீஸ் சுட்டுக் கொன்ற கருஞ்சிறுத்தைக் கட்சியின் உள்ளூர்த் தலைவர் ஃபிரெட் ஹாம்ப்டனின் பாதுகாப்பைக் கவனித்தவர் வில்லியம் ஓநீல். ஹாம்ப்டன் தங்கியிருந்த வீட்டின் வரைபடத்தை எஃப்.பி.ஐ.க்குக் கொடுத்தவரும் அவரே. அமெரிக்கப் பழங்குடிகளின் ‘அமெரிக்க இந்திய இயக்க’த்தின் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த டக்ளஸ் டர்ஹமும் எஃப்.பி.ஐ. ஆள். ஐரிஷ் குடியரசுப் படையில் காட்டிக்கொடுப்பவர்களைப் பிடித்து விசாரித்த உள்பாதுகாப்புப் பிரிவிலேயே ‘ஸ்டேக்நைஃப்’ என்ற பெயரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் உளவாளி உட்கார்ந்திருந்தார். அவரால் காப்பாற்றப்பட்ட உயிர்களைவிடப் பறிபோன உயிர்களே அதிகமாக இருக்கும் என்று, அவரைப் பற்றி நடந்த கெனோவா விசாரணையின் 2024 இடைக்கால அறிக்கை சொல்கிறது. மூன்று நாற்காலிகளும் ஒரே வகை என்பதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. யாரையும் கேள்வி கேட்கலாம், தன்னை யாரும் கேட்க முடியாது என்ற இடத்தைவிட உளவாளிக்கு வசதியான இடம் எது?

விசாரணையில் தவறு நடந்தாலும், விசாரிக்காமல் விட்டால் ஹாம்ப்டனுக்கு நேர்ந்ததுதானே எல்லாருக்கும் நேரும் என்று கேட்பார்கள். அந்தக் கட்சி விசாரிக்காமல் இருக்கவில்லை. ஹாம்ப்டன் சாவதற்குச் சுமார் ஆறரை மாதம் முன்பு, நியூ ஹேவனில் அலெக்ஸ் ராக்லி என்ற 19 வயது உறுப்பினரை உளவாளி என்று சொல்லிச் சித்திரவதை செய்து, பிறகு கொன்றது அதே கட்சியின் ஆட்கள்தான். உண்மையான உளவாளியான ஓநீல் கையிலோ பாதுகாப்பின் சாவி பத்திரமாக இருந்தது. தலைமறைவு விசாரணையில் சாட்சி கிடையாது, மேல்முறையீடு கிடையாது. மறுத்தால் நடிப்பு, மௌனமாக இருந்தால் ஒப்புதல். இந்தப் பலவீனம் அரசுக்கும் தெரியும். 1964இல் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியின் வில்லியம் ஆல்பர்ட்சன் தங்களுக்குத் தகவல் தந்து எழுதியதுபோல எஃப்.பி.ஐ. ஒரு போலிக் கடிதம் தயாரித்து, கட்சியினர் கண்ணில் படும்படி போட்டது. கட்சி அவரை உளவாளி என்று வெளியேற்றியது. ஆயுதம் இல்லாத கட்சியாதலால் உயிராவது தப்பியது. உளவாளியை அனுப்பும் செலவுகூட இல்லாமல் சந்தேகத்தை மட்டும் அனுப்பினால் போதும் என்றால், அதைக் கவசம் என்று எப்படிச் சொல்வது?

டர்ஹம் 1975 மார்ச்சில் அம்பலப்பட்டார். உண்மையான உளவாளி பிடிபட்டபின் சந்தேகம் தணிந்திருக்க வேண்டும்; மாறாக அது அடுத்த ஆளைத் தேடியது. கனடாவிலிருந்து வந்து இயக்கத்துக்காக உழைத்த அன்னா மே அக்வாஷ்மீது விழுந்தது. அவர் தங்கள் ஆள் அல்ல என்று எஃப்.பி.ஐ. சொல்லியிருக்கிறது. 1976 பிப்ரவரியில் பைன் ரிட்ஜ் பழங்குடி ஒதுக்கிடத்தில் அவர் உடல் கிடைத்தது. அதே ஆண்டு ஏப்ரலில் டர்ஹம் செனட் துணைக்குழுவின் முன் உட்கார்ந்து, இயக்கத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னார்.